ஹாரன் ஒலிக்காத வளைவு

விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்த அத்திம்பேர், என் அக்காவின் கணவர், தம் பழைய காருக்கு ஒரு ஸ்டீரியோ கொண்டுவந்தார். டேப், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஒலியைக் கூட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. சாவி போடாமலே பாட்டுக் கேட்க வேண்டும் என்றார். மெக்கானிக் வயரை நேரே பேட்டரியிலிருந்து இழுத்துக் கொடுத்தான். அந்தக் காரின் மின்சாரம் விளக்குக்கும் ஹாரனுக்கும் வைப்பருக்கும்தான் போதும். பேட்டரியில் சார்ஜ் ஏற்றும் டைனமோவோ எஞ்சின் ஓடினால்தான் சுழலும்.

அந்த வாரமே அக்காவும் அவரும் நானும் பொன்முடி மலைக்குப் போனோம். மேலே காரை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, பாட்டுக் கேட்டபடி தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். மூடுபனி இறங்கியதும் கிளம்பினோம். அத்திம்பேர் எஞ்சினைப் போடவில்லை. பிரேக்கை விட்டார், சரிவில் கார் தானே நகர்ந்தது.

"இறங்கறதுக்கு எஞ்சின் எதுக்கு? பெட்ரோல் ஓசிலயா வரது?"

அந்தப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்தாக வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்து திரும்புவது அதே சாலையில்தான். சில வளைவுகள்வரை ஹாரன் ஒழுங்காக ஒலித்தது. பிறகு முனகியது. விளக்கு மங்கிச் சிவந்தது. பாட்டு இழுத்தது.

"பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டிண்டுடுத்து. பொன்முடிக் குளிராச்சே," என்றார்.

"முதல்ல அதை நிறுத்துங்கோ. ஹாரனே கேக்கலை," என்றாள் அக்கா.

"இந்த ஒரு பாட்டு முடியட்டும்."

அடுத்த வளைவில் ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. எஞ்சின் ஓடாத கார் ஓசையின்றித் திரும்பி, விறகுக்கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை இடுப்பில் இடித்துத் தள்ளியது.

"ஹாரன் அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பாளே சார். தெனம் நடக்குற ரோடு," என்றாள் அவளுடன் வந்தவள்.

அடிபட்டவளைப் பின்சீட்டில் கிடத்தினோம். சாவியைத் திருப்பினால் காரில் அசைவே இல்லை. உருட்டிப் பார்த்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. பஸ் மாலையில்தான். வேறு வழியின்றி அப்படியே இறங்கினோம். தோட்டத்து ஆட்கள் இருவர், "ஒதுங்கு, வண்டி வருது" என்று ஒவ்வொரு வளைவிலும் கத்திக்கொண்டே முன்னால் ஓடினார்கள். அவள் முனகல் காருக்குள் நிறைந்திருந்தது. அடிவாரத்தில் ஒரு ஜீப் கிடைத்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் அந்த முனகலும் நின்றுவிட்டது, மயங்கியிருந்தாள்.

பிழைத்தாள். ஆனால் எலும்பு கோணலாகக் கூடியதில் ஒரு கால் குட்டையாகிவிட்டது. சரிவில் நின்று கொழுந்து பறிக்க அந்தக் கால் உதவாது.

அத்திம்பேர் திரும்பிப் போகுமுன் பெரிய பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினார். ஸ்டீரியோவைக் கழற்றவில்லை.

மழைக்காலம் கழிந்து அவளைப் பார்க்க நான் லயத்துக்குப் போனேன். அவள் அறையில் வேறொரு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. அன்று அவளுடன் வந்த பெண் அடுத்த கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேலைக்கு வராதவளுக்கு ரூம் ஏது சார்? பிள்ளையள கூட்டிக்கிட்டு தென்காசிப் பக்கம் போயிட்டா. அங்கயும் அவளுக்கு யாரும் இல்ல."