முப்பத்து நான்கு சென்டிமீட்டர்

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் ஒருவன் பொய் சொல்கிறான் என்று பட்டால் யாரும் கத்திச் சண்டை போட மாட்டார்கள். "காணிப்பாக்கம் வரியா?" என்று கேட்பார்கள். அங்கே குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு விநாயகர் முன் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை அவர் விடமாட்டார் என்பது நம்பிக்கை. அறுபத்தெட்டு வயதில், கணக்கு வாத்தியாராக முப்பத்து மூன்று வருடம் இருந்த என்னை, என் மனைவி அந்தக் கேள்வி கேட்டாள். காரணம் என் மோட்டார் சைக்கிள்.

கல்யாணமான வருடம் வாங்கிய வண்டி அது. நாற்பத்தொரு வருடம் அவளைப் பின்னால் வைத்து ஓட்டினேன். போன வருடம் திருப்பதியில் ஒரு சிக்னலில் நின்றபோது, அதே மாடல் பழைய வண்டி ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. தாழ்ந்த ஹேண்டில், நீண்ட டேங்க், ஒற்றை சீட், அதன் பின்னால் சின்னத் திமில். கஃபே ரேசர் என்றான் ஓட்டியவன். சிக்னல் தொண்ணூறு வினாடி. அதற்குள் என் புத்தி கெட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து, என் வண்டியில் தேவையில்லாதவை என்று பட்டியல் எழுதினேன். கிராஷ் கார்டு, பக்கப் பெட்டி, அகலமான மட்கார்டு என்று போய் இருபத்தாறாவதாக சேலை கார்டு வந்தது. பின்னால் உட்காருபவளின் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பி வலை. அதையே கழற்றிய பிறகு பின் சீட் எதற்கு? தர்க்கத்தில் குறை இல்லை. ஆனால் இருபத்தேழாவது வரியை நான் காகிதத்தில் எழுதவில்லை.

திருப்பதி மெக்கானிக்கிடம் வாயால் சொன்னேன். சீட்டின் பின்பக்கம் முப்பத்து நான்கு சென்டிமீட்டர் போகட்டும் என்று.

அவர் டேப்பை நீட்டியபடியே நின்றார். "அப்புறம் அம்மா எங்க குந்துவாங்க சார்?"

"அவளுக்கு மூட்டு வலி. இனிமே பஸ்தான்னு அவளே சொல்லிட்டா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"மீ இஷ்டம் சார்" என்று, உங்கள் இஷ்டம் என்பதைத் தெலுங்கில் சொல்லிக் கையைக் கழுவிவிட்டு ரம்பத்தை எடுத்தார். ஏழு மாதத்தில் பதினொரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் போல்ட்டுகளை எண்ணினேன். நான்கு குறைந்தது. அவை தேவையில்லை என்றார் அவர். அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

முதல் ஓட்டம் பூஜைக்குக் கோயிலுக்குத்தான் இருக்க வேண்டும் என்று மினி லாரியில் ஏற்றி சித்தூருக்குக் கொண்டுவந்தேன். மனைவி வெளியே வந்து வண்டியை இரண்டு சுற்று சுற்றினாள்.

"நான் எங்க குந்தறது?"

"அந்த மெக்கானிக் தப்பா வெட்டிட்டான்."

"அப்டியா? வெள்ளிக்கிழம பூஜைக்கு காணிப்பாக்கம் போறோம் இல்ல? இத அங்க வந்து சொல்லுங்க."

புது வண்டியானாலும் புதுப்பித்த வண்டியானாலும் எங்கள் ஊரில் முதல் பூஜை காணிப்பாக்கத்தில்தான். தப்பிக்க வழி இல்லை. மூன்று நாளில் எனக்கு ஒன்பது தும்மல் வந்தது. காய்ச்சல் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் பஸ்ஸில் போனாள். நான் டேங்கின் மேல் நெஞ்சைக் கிடத்திக்கொண்டு கிளம்பினேன். வழியில் பத்தொன்பது வேகத்தடை. ஒவ்வொன்றையும் என் முதுகெலும்பு தனித்தனியாகக் குறித்துக்கொண்டது.

"வந்துட்டீங்களா? நான் ரெண்டு இட்லி துன்னு, காபி குடிச்சி, கோயிலயும் சுத்திட்டேன்" என்றாள்.

வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். நிமிரத்தான் முடியவில்லை. பூசாரி தாழ்ந்த ஹேண்டிலையும் வளைந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க சாமி விழுந்தீங்க?"

"விழல. இதுதான் மாடல்."

அவர் மாலை போட்டார், அது முன் சக்கரத்தில் போய்த் தொங்கியது. எலுமிச்சம்பழம் இரண்டையும் நசுக்கி, தேங்காயும் உடைத்தாயிற்று. மனைவி குளத்தைக் காட்டினாள்.

"முழுகிட்டு வாங்க."

ஏழாவது படியில் நின்றேன். தண்ணீருக்கு இன்னும் நான்கு படி.

"அளவு நான்தான் கொடுத்தேன்" என்றேன், தண்ணீரைப் பார்த்து.

"எத்தினி?"

"முப்பத்து நாலு சென்டிமீட்டர். உனக்கு மூட்டு வலின்னும் சொல்லிட்டேன்." மேலே ஏறத் திரும்பினேன், முட்டி பிடித்துக்கொண்டது.

"எனக்கா? என் முட்டி நல்லாத்தான் கீது. படியில ஏற முடியாம நிக்கிறது யாரு?"

கை கொடுத்து மேலே இழுத்தாள். எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்தது. "சரி, நீ சொல்லு. நாப்பத்தோரு வருஷம் பின்னாடி வந்தியே, பிடிச்சுத்தானே வந்த?"

அவள் கோபுரத்தைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள்.

"இந்த எடத்துல வந்து இதக் கேக்கறீங்களே" என்றாள். "நாப்பத்தோரு வருஷமா உங்க முதுகத்தான் பாத்துக்கினு வந்தேன். பஸ்ல ஜன்னலோரம் குந்தினாத்தான் வழியில இன்னா கீதுன்னே தெரியுது. என்னக் கேட்டிருந்தா ரம்பத்த நானே எடுத்துக் குடுத்திருப்பேன். கேக்காம வெட்டிட்டு, அந்த ஆள் மேல பழியப் போட்டீங்க பாருங்க, அதான் எரியுது."

வண்டியிடம் போய்க் கிக்கரை உதைத்தேன். இருபத்திரண்டு உதை. வண்டி இருமியது, கிளம்பவில்லை. சித்தூர் பஸ் வந்து நின்றது. அவள் ஒரு கால் வைத்து ஏறினாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள், இறங்கிவிட்டாள். பஸ் போயிற்று.

"கியர்ல போடுங்க" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் சீட் இருந்த இடத்தில் இருக்கும் திமிலில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். முப்பது அடி போயிருக்கும். கிளட்சை விட்டேன். வண்டி உறுமிக் கிளம்பியது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்ற பயத்தில் நான் நிறுத்தவே இல்லை. பின்னால் அவள் ஏதோ கத்தியது கேட்டது. சித்தூர் வரை அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த பஸ் பிடித்து நாற்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தாள். சீட்டைப் பழையபடி வைத்துவிடலாம் என்று நானே முந்திக்கொண்டேன்.

"சீட்டு ஒண்ணும் வாணாம். அந்தத் திமிலு வழுக்குது. தள்றதுக்கு ஒரு கைப்பிடி வெக்கச் சொல்லுங்க."

டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அளவை அவள் சொன்னாள்.