வாசலில் ஐசி கேட்காத ஊர்

கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்த என் மச்சான், மாமியின் ஒரே மகன், வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்ட காலத்தில்தான் நான் முதன்முதலாக ஓர் இணைய விளையாட்டைத் தேடி அலைந்தேன். அலைந்தேன் என்றால் வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில் கதிரையை விட்டு எழும்பாமல் அலைந்தேன். சமாதானம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. பொழுதுபட்டபின் இளம் பெடியன்கள் தெருவில் நிற்பதை எந்தத் தாயும் விரும்பாத காலம் அது.

எனக்கும் மச்சானுக்கும் ஒரே வயது. வெள்ளவத்தையில் ஒரே கணக்கியல் வகுப்புக்குப் போனோம். ஒரு பின்னேரம் வகுப்பு முடிந்து அவன் வீட்டுக்குப் போகும் வழியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், அவன் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மாமி இரண்டு நாள் பொலிஸ் நிலைய வாசலில் குந்தியிருந்து அவனை மீட்டுக்கொண்டு வந்தார். யாரும் அடிக்கவில்லை என்று மட்டும் சொன்னான். பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, தெருமுனைக் கடையில் பாண் வாங்கக்கூடப் போகவில்லை. போன் எடுத்தால் ‘ம்’ என்பான். கொஞ்ச நாளில் அந்த ‘ம்’மும் நின்றுபோனது.

நாங்கள் பயந்தது இதற்குத்தான்: இவன் இனி இப்படியே இருந்துவிடுவானோ? டொக்டரிடம் காட்டலாம் என்றால் டொக்டரிடம் போகவும் வாசலைத் தாண்ட வேண்டுமே.

ஒரு நாள் மாமி எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, சாப்பிடுறான், படுக்கிறான், மிச்ச நேரம் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறான். வாய் திறக்கிறான் இல்லை. உதிலயாவது நீயும் அவனும் சேந்து ஏதும் விளையாடுங்கோவன்.”

மகனைக் கொம்பியூட்டரில் விளையாடச் சொன்ன ஒரு தமிழ்த் தாயை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. மற்ற வீடுகளில் வயரைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். மாமியை அன்றைக்கே மனதுக்குள் கும்பிட்டேன்.

ஆனால் எதை விளையாடுவது? எனக்குத் தெரிந்தது கார் ஓட்டுகிற விளையாட்டும் கிரிக்கெட்டும்தான். இரண்டிலும் வாய் திறக்க வேலையில்லை. அவன் என்னோடு கதைக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. உலகம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கற்பனை நாட்டுக்குள் ஆளுக்கோர் உருவம் எடுத்து உலாவுகிற விளையாட்டுகள் உண்டென்று எங்கோ வாசித்திருந்தேன். அங்கே தொழில் பழகலாமாம், அரக்கனை அடிக்கலாமாம், பக்கத்தில் நிற்பவனோடு எழுத்தில் கதைக்கலாமாம். சரி, அப்படி ஒன்றைப் பிடிப்போம் என்று இறங்கினேன்.

பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது. முதலில் அகப்பட்டது விண்வெளிக் கப்பல் விளையாட்டு. படம் என்னவோ கண்ணைப் பறித்தது. ஆனால் கப்பலைக் கிளப்புவதற்கு முன்னால் படிக்கத் தந்த பாடம் எங்கள் கணக்கியல் புத்தகத்தைவிடத் தடிப்பு. இருக்கிற சோதனை போதும் என்று மூடிவிட்டேன்.

அடுத்தது மிகவும் பேர்போனது. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். திறந்ததும் முதல் கேள்வியே, இரண்டு இனங்களுக்குள் சண்டை நடக்கிறது, நீ எந்தப் பக்கம் என்பது. சரி, விளையாட்டுத்தானே என்று கீழே வாசித்தேன். ஒரு பக்கத்தான் எழுதுவது மற்றப் பக்கத்தானுக்கு விளங்காதாம். எழுத்தெல்லாம் குழம்பி வெறும் உளறலாகத்தான் தெரியுமாம். எனக்கு வந்ததே கோபம்! இதைப் பார்க்க நான் ஏன் கரண்ட் செலவழித்துக் கொம்பியூட்டர் போட வேண்டும்? கொழும்புக் காலி வீதியில் இறங்கினால் சும்மாவே கிடைக்கிறது. திரையைப் பார்த்துச் சத்தமாகவே திட்டினேன். சமையலறையில் இருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவதை யாரும் சிபாரிசு செய்யவில்லை, நானாகத் தடுக்கி விழுந்ததுதான். பழைய விளையாட்டு. கொம்பியூட்டரில் இறக்கி வைக்கத் தேவையில்லை, இணையப் பக்கத்திலேயே திறக்கும். மனிதர்கள் எல்லோரும் அட்டைப் பெட்டியில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தார்கள். ஆனால் அங்கே இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒன்றும் கிடையாது. மீன் பிடிக்கலாம், விறகு வெட்டலாம், பிடித்த மீனைச் சுட்டுத் தின்னலாம். முதல் தடவை நான் சுட்ட மீன் கரிக்கட்டையாகிப் போனது. முன்பின் தெரியாத ஒருத்தி, பிரேசில்காரி என்று பிறகு அறிந்தேன், நின்று பார்த்துவிட்டுத் தன் மீனில் ஒன்றைத் தந்துவிட்டுப் போனாள். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. இதுதான் என்று முடிவுகட்டி, மச்சானுக்கு மின்னஞ்சலில் விலாசத்தை அனுப்பி, நாளைப் பின்னேரம் ஊர்ச் சந்தையில் நிற்பேன், வா என்று எழுதினேன்.

பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் பின்னேரம் ஆள் வந்தான்.

நான் ஊர் மதிலுக்குள்ளே சந்தையில் நின்றேன். அவனுடைய அட்டைப் பெட்டி மனிதன் மதில் வாசல் வரைக்கும் நடந்து வந்தான். வாசலில் ஈட்டியோடு ஒரு காவல்காரன். மச்சான் அவனுக்கு முன்னால் வந்து நின்றான். நின்றவன் நின்றவன்தான். நாலு பக்கத்தாலும் சனம் காவல்காரனைத் திரும்பியும் பார்க்காமல் போய்வந்துகொண்டிருந்தது. வா என்று எழுதினேன், அசையவில்லை. லைன் இழுபடுகிறதாக்கும் என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்து அவனுடைய தலைக்கு மேலே, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் வந்தது.

“ஐசி கேப்பானோ?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கணமே சிரிப்பு நின்றது. ஏனென்றால் முதல் நாள் நானும் அந்த இடத்தில்தான் நின்றேன். விளையாட்டு என்று தெரிந்தும் கால் தானாக நின்றுவிட்டது, கை சேர்ட் பொக்கற்றைத் தடவியது. பிரேசில்காரிக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் காவல்காரன் ஒரு படம். எங்கள் இரண்டு பேருக்குத்தான் அவன் காவல்காரன்.

“ஒண்டும் கேக்கமாட்டான். அவனுக்குக் கதைக்கவே தெரியாது. வா” என்று எழுதினேன்.

“வடிவாத் தெரியுமோ?”

“நான் போய் வந்தனானடா.”

 பிறகு அந்த அட்டைப் பெட்டி மனிதன் ஓர் அடி வைத்தான், காவல்காரனைக் கடந்தான், ஓடத் தொடங்கினான். சந்தையைத் தாண்டி, என்னையும் தாண்டி ஓடினான். பிறகு திரும்பி வெளியே போனான். மறுபடியும் உள்ளே வந்தான். மறுபடி வெளியே. விசர் பிடித்தவன்போல் அந்த வாசலால் போய்ப் போய் வந்தான். “பார், பார், பேசாமல் நிக்கிறான்!” என்று எழுதினான். அவன் என்னோடு தொடர்ந்து கதைத்தது பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான். வெள்ளவத்தையில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தான். எனக்குக் கைவராத தொழிலெல்லாம் அவனுக்கு வந்தது. அவன் சுட்ட மீன் கருகவே கருகாது. அதைவிட நான் வியந்தது வேறொன்று. ஊருக்குப் புதிதாக வந்து திருதிருவென்று முழிப்பவர்களை அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் தன் ஓட்டை ஆங்கிலத்தில் வழி சொல்லி, கையில் ஒரு மீனும் கொடுத்துவிடுவான். வீட்டில் வாய் திறக்காத கல்லுளிமங்கன் அங்கே ஊர்ப் பெரியவனாகிவிட்டான்.

ஒரு நாள் ஆற்றங்கரையில் நான் அவனை “மச்சான், இங்க வா” என்று கூப்பிட்டு எழுத, பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இன்னொருவன் திரும்பினான்.

“மச்சான்? லங்காவெத?” என்று கேட்டான்.

எங்களுக்கு மச்சான் என்றால் மாமிக்கோ மாமாவுக்கோ பிறந்தவன். சிங்களத்தில் சிநேகிதன் எல்லோரும் மச்சான். இவன் இலங்கைக்காரனா என்று கேட்கிறான், சிங்களத்தில். நான் கீபோர்ட்டில் இருந்து விரலை எடுத்துவிட்டேன். மச்சான் இனித் திரையை மூடிவிட்டுப் போய்விடுவான், பட்ட பாடெல்லாம் வீண் என்றுதான் நினைத்தேன். அவன் போகவில்லை. சிங்களத்திலேயே, கொழும்பு என்று எழுதினான். கொழும்பில் எங்கே என்று கேட்டான் மற்றவன். மச்சான் கொட்டாஞ்சேனை என்றான். கொட்டாஞ்சேனை என்றால் தமிழன் என்று நாட்டில் எல்லோருக்கும் விளங்கும். 

“எல மச்சான்,” என்று வந்தது பதில். “மாளு தியனவாத?”

நல்லது மச்சான், மீன் இருக்கிறதா. அவ்வளவுதான் அவனுக்குத் தேவை. சரியான பிச்சைக்காரன், அன்று தொடக்கம் எங்களை ஒட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு நாளும் மீன் கேட்டான். மச்சான் ஒவ்வொரு நாளும் கொடுத்தான். நானாக இருந்தால் இரண்டாம் நாளே துரத்தியிருப்பேன்.

இதையெல்லாம் மாமிக்குச் சொன்னேன். மாமி சந்தோஷப்பட்டார். ஆனால், “அதுக்குள்ள நல்லாத்தான் நடமாடுறான் தம்பி, எங்கட கேற்றடிக்கு வாறான் இல்லையே” என்றார். 

பிறகு ஒரு நாள் எங்கள் ஒழுங்கையில் குழாய் போட வீதியைக் கிண்டியவர்கள் போன் கம்பியையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். போனும் இல்லை, இணையமும் இல்லை. அதே நாள் விடியற்காலை வெள்ளவத்தையில் ஆமியும் பொலிஸும் சேர்ந்து சுற்றிவளைப்பு. எங்கள் ஃப்ளாட்டுக்கும் வந்தார்கள். பொலிஸில் எங்கள் பெயர் பதிந்த துண்டைப் பார்த்தார்கள், போனார்கள். வேறு வீடுகளில் சில பெடியன்களை ஏற்றிக்கொண்டு போனதாகச் செய்தியில் சொன்னார்கள். அப்பா என்னை வெளியே விடவில்லை. கம்பியை வெட்டியவர்களைத் திட்டித் திட்டி நான் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அன்று பின்னேரமும் மறுநாள் பின்னேரமும் மச்சான் சந்தையில் எனக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று மட்டும் நினைத்தேன். அவன் வேறு என்ன நினைப்பான் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. அம்மா கண்ணாடி ஓட்டையால் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் போய்த் திறந்தேன்.

மச்சான் நின்றான். தாடி வளர்ந்து, வேர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டி, வெயிலைக் காணாத முகம் சிவந்து நின்றான். என்னைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தான். பிறகு எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“எருமை! வீட்டிலயே இருக்கிறாய்?”

“லைன் வெட்டுப்பட்டுப் போச்சடா.”

“அது எனக்கெப்பிடியடா தெரியும்? செய்தியில வெள்ளவத்தை எண்டுறாங்கள், நீ ரெண்டு நாளா ஆளில்லை, போன் அடிச்சா மணி போகுது இல்லை!” கத்தினான். பக்கத்து ஃப்ளாட் கதவு திறந்து மூடியது. அப்படிக் கத்துவதற்கு அவனுக்குக் குரல் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

“அப்பான்ர செல்போனுக்கு அடிச்சிருக்கலாமே.”

“அடிச்சு, ஓம், பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் எண்டு மாமா சொன்னா?” என்றான். அதைக் காதால் கேட்பதைவிட நேரில் வருவது அவனுக்குச் சுகமாக இருந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, சுற்றிவளைப்பு நடந்த அதே வெள்ளவத்தைக்கு.

“வழியில மறிச்சவங்களோ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“மறிச்சவங்கள்தான்.”

“பிறகு?”

“பிறகென்ன, ஐசியைக் காட்டிப்போட்டு வந்தனான்.”

பாண் வாங்கி வந்தவன் சொல்வதுபோல் சொன்னான். ஆனால் என் மணிக்கட்டை மட்டும் அவன் விடவேயில்லை. எனக்குத் தெரிந்த தைரியசாலிகளில் அவனுக்கு மேலே நான் ஒருவரையும் வைக்கமாட்டேன், இன்றைக்கும்.

அப்பா செல்போனோடு வேலைக்குப் போயிருந்ததால், மாமிக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒழுங்கை முனையில் இருந்த கொமினிகேஷனுக்கு ஓடினோம். காசு கொடுத்துப் போன் பேசுகிற சின்னக் கடை அது. அவன் ஒரு கையாலேயே இலக்கத்தை அழுத்தினான். மணி ஒரு தடவைதான் அடித்திருக்கும், மாமி எடுத்துவிட்டார். போன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மறுமுனையில் அழுகைதான் எனக்குக் கேட்டது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. அத்தனை மாதமும் அவனைப் பற்றி நாங்கள் மாறி மாறி மாமிக்குச் சொன்ன ஆறுதலை இப்போது அவன் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அவனுக்கு ஒண்டும் இல்லை அம்மா. அழாதேங்கோ. நான் அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.”