முனிரத்தினம் அலியாஸ் தொரை

போன வாரம் ஒரு கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். ஜாதகக் கோளாறு இல்லை, சீர்வரிசைத் தகராறும் இல்லை. எல்லாம் ஒரே ஒரு லத்தீன் வார்த்தையால்!

நகரியில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் முனிரத்தினம். கரும்பும் நெல்லும் பயிர் வைப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருடைய பெண் செல்விக்குத் திருத்தணிப் பக்கத்தில் நல்ல இடம் கூடி வந்தது. மகளுக்கு மஞ்சள் காணியாகக் கொஞ்சம் நிலம் எழுதி வைக்க ஆசைப்பட்டார்.

சிக்கல் அங்கேதான். மற்ற காகிதங்களில் எல்லாம் அவர் முனிரத்தினம். நிலத்துப் பட்டாவில் மட்டும்... தொரை.

எப்படி? முனிரத்தினம் என்பது அவருடைய தாத்தா பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் பெற்றவள், மாமனார் பெயரை வாயால் சொல்வாளா? அவள் கூப்பிடுவதற்கென்று இன்னொரு பெயர் வேண்டும் — அதுதான் தொரை. ஊரும் அப்படியே கூப்பிட்டது. அந்தக் காலத்துக் கர்ணமும் அப்படியே கணக்கில் எழுதிவிட்டார்.

இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. இப்போது எல்லைக்கோடு போட்டாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போக, நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. பத்திர ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் குமாஸ்தாவுக்கு ஊரில் ஒருத்தரையும் தெரியாது. "ஈ தொரை எவரண்டி?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார். யாராம் அந்தத் தொரை? அவர் எதிரில் கைகட்டி நின்றவர்தான்!

"இன்னா சார் பண்றது?" என்று என்னிடம் வந்தார் முனிரத்தினம்.

நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்த திமிர் எனக்கு. "பூ, இவ்வளவுதானா? நடுவிலே அலியாஸ்னு போடச் சொல்லுங்க" என்றேன். பத்திரத்தின் நகலில் அப்படியே எழுதி வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்ற வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நடேசன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நகலைப் படித்தார். முகம் மாறியது. தட்டுக்காக நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா இது, அலியாஸ்னு போட்டுக்கீது? பேப்பர்ல கொள்ளக்காரனுக்குத்தானே இப்டிப் போடுவான்?"

முனிரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முன்னாடின்னா ஒரே ஜில்லா, நாலு பேர விசாரிச்சுக்கினு வரலாம். இப்ப நீங்க வேற ராஜ்யம். நான் யாரப் போய்க் கேக்கறது?" என்றார் நடேசன்.

நான் குறுக்கே புகுந்தேன். ஐயா, இது லத்தீன். 'வேறொரு சமயத்தில்', 'மற்றபடி' என்றுதான் அர்த்தம். சமையலறையில் ஒரு பேர், ஆபீசில் ஒரு பேர், ஆள் ஒருத்தர்தான். சாதுவான சொல். பாவம், அதைப் போலீஸ்காரர்கள் பிடித்து ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள்...

யாரும் சிரிக்கவில்லை. நடேசன் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது. என் மேதாவித்தனத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணமா பலி?

பேச்சை வளர்த்தாவது ஆளை நிறுத்தலாம் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டேன்: "பத்திரிகைக்கு வேணுமே, மாப்பிள்ளை பேரு இன்னாம்மா?"

அந்த அம்மாள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "அதாங்க... திருப்பதியில மல மேல கீதே சாமி... அது பேரு."

"ஏழுமலையா?"

"இல்லீங்க."

"கோவிந்தனா?"

"அதுவும் இல்லீங்க. எங்க மாமனாரு பேராச்சே, நான் எப்டிச் சொல்றது? மலைக்குப் போனாலே 'சாமி, சாமி'ன்னுதான் கும்புட்டுக்கினு வரேன்."

"வெங்கடேசன்!"

உள்ளேயிருந்து வந்தது குரல். செல்விதான்! இத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அப்ப வீட்ல பையனை எப்டிக் கூப்பிடுவீங்க?" என்றேன், விடாமல்.

"ராசான்னு."

நடேசன் பக்கம் திரும்பினேன். "வெங்கடேசன் அலியாஸ் ராசா. மாப்பிள்ளை எந்த ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுக்கினு இருக்காருங்க?"

மனிதர் ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். துண்டு மடிக்கு வந்தது, கை தட்டுக்கு வந்தது. முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒக்காருங்க, ரெண்டு வாய் துன்னுட்டுதான் போவணும்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

யோசித்துப் பார்த்தால் எங்களில் அலியாஸ் இல்லாதவர் யார்? என் தெருவே முந்தா நாள் மெட்ராஸ் ராஜ்யம், நேற்று ஆந்திர ராஜ்யம், இன்று ஆந்திரப் பிரதேசம். தெருவில் ஒரு கல்லும் நகரவில்லை.

ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு செல்வியின் வாயில் வெங்கடேசனும் வராது, ராசாவும் வராது. மாப்பிள்ளைக்கு மூன்றாவது அலியாஸ் இப்போதே தயார் — 'ஏங்க'!