சாப்பாட்டுப் பெட்டியில் வந்த யூரியா

உர மூட்டைகள் அடுக்கும் பசளைக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவள் வீட்டிலேயே மிளகாய்ச் செடி கருகிப்போனது என்றால் ஊர் சிரிக்கும். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது எப்படிக் கருகியது என்று ஒருவருக்கும் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தி, பிறகு விட்டுக்கொடுத்தும், யூரியா கண்ணில் படாத காலம் அது. காகிதம் வராமல் அச்சகத்தைப் பூட்டிவிட்டார்கள். அங்கே மெஷின் ஓட்டிய என் கணவர் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒழுங்கையில் யார் எதை நட்டாலும் முதல் செடியை வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு நல்ல கைராசி என்று எல்லோருக்கும் நம்பிக்கை. வேலை போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி மிளகாய்க் கன்று வைத்தார். தேயிலைச் சக்கை, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் ஊற்றினார். கன்றுகள் மஞ்சளாகவே நின்றன. அவரும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

ஒருகொடவத்தையில் எங்கள் களஞ்சியத்தில் கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியதைக் கூட்டி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து அதில் இரண்டு பிடி அள்ளிக்கொண்டேன். திருட்டுத்தான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை அவர் சமையல் காஸ் கியூவில் நிற்கப் போன நேரம் மேலே ஏறி வாளிக்கு வாளி தூவித் தண்ணீர் விட்டேன்.

ஒரு கிழமைக்குள் செடிகள் கரும்பச்சையாகிவிட்டன.

"இஞ்ச வந்து பாரும்," என்று என்னைக் கூப்பிட்டார். "இந்தக் கை இன்னும் சாகேல்ல."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யூரியா போட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அளவு. பூ மட்டும் இல்லை. தீனி போதவில்லையாக்கும் என்று நான் இன்னும் அள்ளிவந்து போட்டேன். அடுத்த கிழமையும் போட்டேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் நூறு தரம் எழுதினவள் நான். கையெழுத்துத் திருந்தியது, அவ்வளவுதான்.

இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கிளறினால் ஒரு மண்புழு இல்லை. பயந்துபோய், எங்கள் களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் மலைநாட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தேயிலைத் தோட்டத்தில் பசளை போட்டுப் பழகினவர்.

"தேயிலைக்குன்னா சரிங்க மிஸ். அதுல நாம பறிக்கிறதே எலைதானே," என்றார். "மொளகாய்க்கு இத அள்ளிப் போட்டா எலையாத்தான் போகும், பூ எங்கேருந்து வரும்? ரொம்பப் போட்டா வேர் வெந்துரும். மண்ணும் புளிச்சுப் போயிரும். தோட்டத்துல அதுக்குத்தான் சுண்ணாம்புத் தூள் போடுவாங்க."

நான் போட்டது இலைக்கு. என் கணவர் காத்திருந்தது காய்க்கு. அன்று பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மாடியில் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர கை சரியில்ல," என்றார். "விடும்."

வாயைத் திறந்தேன். அது உங்கள் கை இல்லை, என் கை என்று சொன்னால் பழி அவரை விட்டுப் போகும். ஆனால் அந்த ஒரு கிழமைப் பச்சையும் சேர்ந்து போகும். அதுவும் அவருடையது இல்லை என்றாகிவிடும். வாயை மூடிக்கொண்டேன். அதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். பயம்.

இப்போது யூரியா கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. அச்சகம் திறக்கவே இல்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு முருங்கைத் தடியோடு வந்தாள்.

"அண்ணா, நீங்க தொட்டு வச்சுத் தாங்கோ."

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னட்ட வேண்டாம், பிள்ளை. இவவிட்டக் குடுங்கோ."

நான் நட்டேன். அவர்கள் மதிலோரம் குழி தோண்டி மண்ணை இறுக்கினேன். தடி பிடித்துக்கொண்டது. நேற்று அதில் தளிர் வந்திருப்பதை அவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உமக்குத்தான் நல்ல கை," என்றார்.