நாற்பத்தோராம் பக்கத்து அழுகை

சலவைக்கூடத்து மேற்பார்வையாளர்தான் அவளுக்கு டைரக்டரம்மா என்று பெயர் வைத்தார். மரியாதைக்கு வைத்ததல்ல. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதே அவள் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து என்னமோ எழுதுவதைப் பார்த்துவிட்டு வைத்த கிண்டல். "என்ன டைரக்டரம்மா, ஷூட்டிங் முடிஞ்சுதுன்னா மூணாவது மெஷினைக் கொஞ்சம் காலி பண்றீங்களா?" என்பார். அவள் காலி செய்வாள். சிரிக்க மட்டும் மாட்டாள்.

இந்த நாட்டுக்கு வந்த பதினேழு வருடத்தில் மூன்று குறும்படமும் ஒரு முழுநீளப் படமும் எடுத்தவளைக் கிண்டல் செய்ய ஊர்ப்பட்ட பேர் இருந்தார்கள். உதவிக்கு இரண்டே பேர். பார்சல் வேன் ஓட்டும் அண்ணன், பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் பரிமாறும் அண்ணி. ஸ்டுடியோவுக்கும் செட்டுக்கும் எங்கே போவது? வீட்டில் யார் கையில் எந்த இடத்துச் சாவி இருக்கிறதோ அந்த இடத்துக்குத்தான் அவள் கதை எழுதுவாள். அண்ணனிடம் வேன் சாவி இருந்ததால் முதல் படம் வேனுக்குள்ளேயே நடந்து முடிந்தது. சலவைக்கூடத்துச் சாவி அவள் பொறுப்புக்கு வந்த வருடம் அடுத்தடுத்து இரண்டு படம். விடுமுறையில் உணவுக்கூடத்தைத் திறந்துகொள்ளச் சொல்லித் தலைமையாசிரியை அண்ணியிடம் சாவியைக் கொடுத்தார்; முழுநீளப் படத்துக்குக் கதை கிடைத்தது.

கதை சின்னதுதான். பள்ளிக்கூடத்தில் பரிமாறுகிற ஒருத்திக்குச் சாப்பாட்டு நேரத்தில் புருஷன் செத்துப்போன செய்தி வருகிறது. முந்நூறு பிள்ளைகளுக்கும் பரிமாறி முடித்த பிறகுதான் அவள் அழுகிறாள். பேச்செல்லாம் இந்த நாட்டு மொழி. பத்தொன்பது தடவை திருத்தி எழுதி, பதினான்கு மாத விடுமுறைகளைத் தின்று, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தட்டு நீட்டச் சொல்லி அவள் அதை எடுத்தாள். அண்ணிதான் கதாநாயகி. மைக் கம்பைப் பிடித்து நின்றது, செத்துப்போன புருஷனாகப் பழைய கல்யாண ஃபோட்டோவில் மட்டும் வந்த அண்ணன்.

நகரத்துத் திரைப்பட விழாவில் படம் தேர்வானது. மூன்று பேரும் சமையலறையில் குதித்தார்கள். மறுவாரம் நிகழ்ச்சிநிரல் வந்தது. 'ஆவணப்படப் பிரிவு. ஒரு விதவையின் உண்மை வாழ்க்கை. படம்பிடித்தது: ஒரு குடும்பம்' என்று அச்சடித்திருந்தார்கள். எழுதியவர் என்ற வரியே இல்லை. இயக்கியவரும் இல்லை.

அரசுத் திரைப்பட நிதியத்துக்கு அடுத்த திரைக்கதையை அனுப்ப வேண்டுமானால், எழுதி இயக்கிய கதைப்படம் ஒன்றாவது அந்த விழாவில் ஓடியிருக்க வேண்டும் என்பது விதி. ஆவணப்படம் செல்லாது. பதினேழு வருடமாக அவள் ஏறிய படிக்கட்டை ஒரு வரி அச்சில் உருவிவிட்டார்கள்.

விழாவின் தேர்வாளரை நேரில் போய்ப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர், அதுதான் எரிச்சலே. விண்ணப்பத்தில் நடிகர்களின் தொழில் என்ற இடத்தில் அண்ணிக்கு 'உணவுக்கூடப் பணியாளர்' என்று அவள் உண்மையை எழுதியிருந்தாள். அதை வைத்தே முடிவு செய்திருந்தார்கள்.

"இதைப் பாராட்டா எடுத்துக்கங்க. அந்தம்மா நடிக்கவே இல்ல, வாழ்ந்திருக்காங்க."

"நடிச்சாங்க சார். நான் எழுதினதை நடிச்சாங்க. இந்தாங்க ஸ்கிரிப்ட்."

நாலு பக்கம் புரட்டினார். "படம் எடுத்து முடிச்சப்புறம், அவங்க பேசினதையெல்லாம் அழகா எழுதி வச்சிருக்கீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய நடிகை ஒருத்தி பாத்திரம் கழுவினால் அது நடிப்பு. பாத்திரம் கழுவுகிறவள் நடித்தால் அது பாத்திரம் கழுவுவது. எந்த ஊர் நியாயம் இது?

படத்தைத் திரும்பப் பெறப்போகிறேன் என்று வீட்டில் கத்தினாள். அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வாங்கிட்டா அவங்களுக்கு என்ன நஷ்டம்? இன்னொரு படத்தைப் போட்டுட்டுப் போவாங்க. பேசாம வா. வரும்போது ஸ்கிரிப்டை எடுத்துக்க."

திரையிடல் மத்தியானத்தில். அரங்கு நிறைந்திருந்தது. படம் முடிந்ததும் தேர்வாளர் அண்ணியை மட்டும் மேடைக்கு அழைத்தார். கண்ணைத் துடைத்தபடி ஒரு பெண்மணி எழுந்து கேட்டார்: "உங்க கணவர் போனதுக்கப்புறம் எப்படிம்மா சமாளிக்கறீங்க?"

"போனவர் இதோ ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருக்கார். ஏங்க, கையைத் தூக்குங்க."

அண்ணன் கூச்சத்தோடு கையைத் தூக்கினார். அரங்கில் சலசலப்பு. பிறகு அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. "மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா! ரொம்ப சந்தோஷம்!"

கைதட்டினார்கள். மனசாரக் கைதட்டினார்கள். பொய் சொல்கிறாயா என்று கேட்டிருந்தாலாவது பதில் சொல்லலாம். பாத்திரம் கழுவுகிறவர்களும் கதை எழுதுவார்கள் என்ற நினைப்பே எட்டிப் பார்க்காத தலைகளிடம் என்னத்தைச் சொல்வது? அவள் விடுவிடுவென்று மேடையேறி, ஸ்கிரிப்டைப் பிரித்துத் தேர்வாளர் கையில் வைத்தாள்.

"நாற்பத்தோராம் பக்கம். வரிக்கு வரி விரலை வச்சுப் படிங்க. அண்ணி, ஆரம்பிங்க."

அண்ணி முந்தைய நிமிடத்துச் சிரிப்பைத் துடைத்தெடுத்தாள். இல்லாத பாத்திரத்தைத் தேய்த்தாள். "கைப்பிடி உடைஞ்சதை ஒட்டித் தரேன்னு சொன்னீங்க. நாளைக்குன்னீங்க. தினமும் நாளைக்குன்னீங்க." குரல் உடைந்தது. கண்ணீர் கொட்டியது.

"பார்த்தீங்களா, அப்படியே மனசிலேர்ந்து வருது," என்றார் தேர்வாளர் மைக்கில், தழுதழுத்து.

"மறுபடி, அண்ணி."

அதே சொல், அதே இடத்தில் உடைசல், இடது கண்ணில் முதல் சொட்டு. தேர்வாளரின் விரல் தடுமாறியது.

"மறுபடி."

மூன்றாவது முறை அவர் விரல் அண்ணியின் வாயோடு சேர்ந்தே நகர்ந்தது. கடைசி வரிக்குக் கீழே, 'மூன்று எண்ணும்வரை குழாயைப் பார்க்கவும், பிறகு மூடவும்' என்று இருந்தது. அவர் நிமிர்ந்தார். அண்ணி இல்லாத குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. கையை நீட்டி மூடினாள்.

யாரும் கைதட்டவில்லை. அண்ணன் மட்டும் எழுந்து நின்றிருந்தார்.

"இது எழுதின படம்," என்றார் தேர்வாளர். முகம் சிவந்துபோயிருந்தது. "தப்பு எங்களோடது. இப்பவே, எல்லார் முன்னாடியும் திருத்திடறேன்." நிகழ்ச்சிநிரலை விரித்து, ஆவணப்படப் பிரிவு என்பதை அடித்தார். அதன் கீழே 'எழுதி இயக்கியவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அத்தோடு பேனா நின்றுவிட்டது. இரண்டு மாதமாக அவளுக்குக் கடிதம் எழுதியவர், அலுவலகத்தில் எதிரில் உட்காரவைத்துப் பேசியவர், அவள் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும்... உங்க பேர் என்ன?"