ரோமில் விட்டுவந்த செருப்பு

"ஏம் புள்ள, உனக்கு வேற சோலியே இல்லயா? ஏரோப்ளேன்ல போறவ நீ. மொளகு பறிக்கறவகிட்ட வந்து ரோமுக்கு யோசனை கேக்கறயே, வெக்கமா இல்ல?"

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளை இப்படித்தான் விரட்டினேன். அடுத்த மாதம் புருஷனோடு அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறாளாம். அவள் நகரவில்லை. "நீங்க போயிட்டு வந்தவங்கதானுங்களே அம்மாயி, சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். சொல்ல எனக்கும் ஆசைதான். கொஞ்சம் கெஞ்சவிட்டுத்தான் சொன்னேன்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகள் வயிற்றுப் பேத்தி அங்கே முதியோர் இல்லத்தில் நர்சாக இருக்கிறாள். இனி அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவள் போனில் சொன்னதும் என் மகளுக்குச் சோறு இறங்கவில்லை. "நீங்க சொன்னாத்தானுங்கம்மா கேப்பா" என்று என்னை அனுப்பினாள். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க அங்கே ஓர் ஆள் உண்டா? இல்லையென்றால் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது என்று கிளம்பினேன். தெருவெல்லாம் அப்படித்தான் சொல்லியும் வைத்தேன்.

பேத்தியின் கீழ்வீட்டில் ஒரு கிழவி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் வயசுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். என்னைக் கண்டதுமே யோசனை சொல்லத் தொடங்கிவிட்டாள். பேத்தி தமிழில் சொன்னாள். தண்ணீர் பாட்டில் வாங்காதே. தெருவில் இரும்புக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகப் பீச்சும், குனியாமல் குடிக்கலாம். மதியம் சாப்பிட்ட பிறகு பால் காபி கேட்காதே, சிரிப்பார்கள். பெரிய படிக்கட்டில் உட்காராதே, போலீஸ் விசில் ஊதும்.

தண்ணீர் எங்கள் மலை ஊற்று மாதிரியே சில்லென்று இருந்தது. காபி கேட்டேன், சிரித்தார்கள், குடித்தேன். படியில் உட்கார்ந்தேன், விசில் ஊதினார்கள். எங்கள் மலையில் ஆகாச கங்கை அருவிக்கு ஆயிரம் படி இறங்கி ஏறுகிறவளுக்குப் படி எதற்கு இருக்கிறது, உட்கார்ந்து மூச்சு வாங்கத்தானே?

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது. சர்ச்சுக்குப் போனபோது, அறப்பளீஸ்வரர் கோயிலில் விடுவதுபோல, செருப்பை வாசலோரம் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பயணத்துக்கென்றே செம்மேட்டுக் கடைத்தெருவில் வாங்கிய புதுச் செருப்பு. முன்னால் போன பேத்தி கவனிக்கவில்லை. திரும்பி வந்தால் வாசல் சுத்தமாக இருந்தது. அங்கே செருப்போடு உள்ளே போவதுதான் வழக்கமாம். குப்பை என்று யாரோ வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வெறுங்காலோடு வீடு வந்தேன். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. கீழ்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை, பேத்தியைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஆட்டி ஆட்டி ஏசினாள். பேத்தி தலை குனிந்து நின்றாள்.

"என்ன சாமி சொல்றா?"

"பாட்டிய இப்படித்தான் பாத்துக்குவயான்னு கேக்கறாங்க அம்மாயி. காலைல சாப்புடாம வேலைக்கு ஓடறேனாம். போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்ப இவங்க வெச்சுக் குடுத்த சூப்பையும் பாதி உட்டுட்டேனாம்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"காய்ச்சலா? போன்ல சொல்லவேயில்ல?"

"சொன்னா அம்மா அழுவாங்க."

கிழவி உள்ளே போய்த் தன் செருப்பு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். கொஞ்சம் பெரிது. அதற்குப் பிறகு, ஊருக்கு வந்துவிடு என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. புறப்படும் நாள் வரை பேத்தி என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

மலைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏனுங், பேத்திய எங்கீங்க? இழுத்துட்டு வாரேன்னீங்க?"

"ரோம்ல ஏழு மலைன்னாங்க. நம்ம மலைப் பாதைல கொண்டை ஊசி வளைவு ஒண்ணுக்குக் காணாது. பேத்திய ஏசறதுக்கு அங்க ஒரு கெழவி இருக்கறா. என் வேலைய அவகிட்ட ஒப்படைச்சுட்டு வந்துட்டேன்."

"அதென்னங்க காலுல, லொட லொடன்னு?"

"அவ செருப்பு. என்னுது அங்க கெடக்குது. வேணும்னுதான் உட்டுட்டு வந்தேன். மாத்திக்கறதுக்கு இன்னொருக்கா போவணுமில்ல?"