அக்கா மறுபடி அடித்த கடிதங்கள்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபிசில் கடிதம் அடிக்கும் வேலை கிடைத்தது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்பதால் ஆபிசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி சேர்த்துக்கொண்டார்.

நான் படித்த பயிற்சி நிலையம் ஒரு பேசும் கம்ப்யூட்டரை இரவலாகக் கொடுத்திருந்தது. பார்வையற்றவர்களுக்கென்றே எழுதிய மென்பொருள் அதில் இருந்தது. தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் சொல்லும்; பழகுவதும் சுலபம். கடிதத்தை அச்செடுத்துக் கொடுப்பேன். பக்கத்து மேசை அக்கா வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் அக்கா லீவு. மேனேஜர் கடிதம் கேட்டார். இன்னும் தயாராகவில்லை என்றார் பெரிய கிராணி. நேற்றே கொடுத்துவிட்டேனே என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“கடிதமெல்லாம் ஆபிஸ் கம்ப்யூட்டர்ல இருக்கணும், நீ அடிக்கிறது அதுல ஏறாதும்மா. எல்லாத்தையும் அக்காதான் மறுபடி அடிக்கும்.”

சரி என்றேன். டீ ஆறியிருந்தது, குடித்தேன். மறுநாளும் வந்து அடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்காவிடம் கேட்கவும் இல்லை.

சில மாதம் கழித்து நிலையத்து ஆசிரியர் மெஷினைப் பார்க்க வந்தார். ஆபிஸ் கம்ப்யூட்டரிலேயே ஏற்றக்கூடிய புரோகிராம் ஒன்று வந்திருக்கிறது, திரையில் இருப்பதை அப்படியே படிக்கும் என்றார்.

“ஆனா ஆபிஸ் மென்பொருள் கண்ணு தெரிஞ்சவங்களுக்குச் செஞ்சது. உனக்குக் கஷ்டமா இருக்கும்.”

“அதையே போடுங்க சார்.”

கஷ்டமாகத்தான் இருந்தது. கோடு, புள்ளி, நட்சத்திரம் என்று திரையில் கிடந்த எல்லாவற்றையும் அது ஒப்பித்தது. மலாய்ச் சொற்களை வெள்ளைக்காரன் வாயால் மென்றது. எழுத்தெழுத்தாகக் கேட்டால்தான் புரியும். காலையில் முடிந்த வேலை சாயங்காலம்வரை இழுத்தது. இரவல் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிப் போனார்கள். நான் எழுந்து போகவில்லை.

என் கடிதங்கள் இப்போது நேராகப் பெரிய கிராணியிடம் போயின. முதல் வாரமே கூப்பிட்டார்.

“என்னம்மா இது, தேதி எங்கேயோ கெடக்கு?”

அவர் என்னைக் கண்டித்தது அதுவே முதல் தடவை. அதுவரை என் தப்புகளை அக்கா திருத்தி அடித்திருக்கிறார்.

“நான் மாத்திடவா லா?” என்றார் அக்கா.

“வேணாங்க்கா. நானே பாத்துக்கிறேன்.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார். என் கடிதம் நேராகப் போனதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு வீட்டில் சொன்னார்கள். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. தேதியைத் தேடிப் பிடித்து நகர்த்தி, மறுபடி அச்சுக்குக் கொடுத்தேன்.